காற்றுக்கும் வெயிலுக்கும் கணக்குப் போட்டுக் கட்டிய வீடுகள்

மாணவர்களே, ஜொகூர் பாரு என்ற பெயரில் உள்ள 'பாரு'வுக்கு என்ன பொருள்? மலாயில் 'புதிய' என்று பொருள் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் கடற்பாலத்தைத் தாண்டித் தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் இன்னொரு 'பாரு' வருகிறது. அதுதான் சிங்கப்பூரின் தியோங் பாரு. 'தியோங்' என்பது ஹொக்கியன் சொல். கல்லறை, இடுகாடு என்று பொருள். அப்படியானால் தியோங் பாரு என்றால் 'புதிய இடுகாடு'!

ஒரு காலத்தில் அங்கே சீனர்களின் கல்லறைகள் இருந்தன. குன்றுகளும் சதுப்பு நிலமும் அத்தாப்புக் குடிசைகளும் இருந்தன. அந்த இடத்தில்தான் 1936ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் முதல் பொதுக் குடியிருப்புப் பேட்டை எழுந்தது. வளைந்த மூலைகள், கப்பலின் மேல்தளம் போன்ற மாடிமுகப்புகள், பின்புறம் சுருள் படிக்கட்டுகள் என்று அந்த வெள்ளைக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. உங்களில் பலருடைய அப்பாவோ அம்மாவோ தினமும் கடற்பாலம் கடந்து வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களைக் கேட்டால், "ஆமாம், பார்த்திருக்கிறேன், பழைய அழகான வீடுகள்" என்பார்கள்.

அழகு இருக்கட்டும். இந்த வாரம் நாம் அந்த வீடுகளின் அறிவியலைப் பார்ப்போம். அவை ஏன் கட்டப்பட்டன? எந்த நோய்க்குப் பயந்து கட்டப்பட்டன? குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அங்கே மனிதர்கள் எப்படி வெப்பத்தைத் தாங்கினார்கள்? எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் அவை எப்படி நிற்கின்றன? இவற்றுக்கான விடைகள் நீங்கள் பள்ளியில் படிக்கும் பாடங்களிலேயே இருக்கின்றன.

நோயும் இருட்டறையும்

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சிங்கப்பூர் நகரை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்று சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். தங்க இடம் போதவில்லை. கடைவீடுகளின் மாடிகளைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்துச் சிறு அறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். கடைவீடு என்பது முன்பக்கம் குறுகி, உள்ளே நீண்டு போகும் கட்டடம். இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும். ஆகவே நடுவில் இருக்கும் அறைகளுக்குச் சன்னலே கிடையாது. பகலிலும் இருட்டு. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கும் நிலை.

காசநோய்க் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? காசநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்று ஜெர்மன் அறிவியலாளர் ரோபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கின்றன. அடைத்த அறையில் அவை நீண்ட நேரம் தங்கும். காரணம் தெரிந்துவிட்டது, மருந்துதான் இல்லை. காசநோயைக் குணப்படுத்தும் முதல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நடுவில் கடந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவர்களிடம் இருந்த 'மருந்து' நல்ல காற்று, வெயில், சத்துணவு, ஓய்வு ஆகியவை மட்டுமே. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இந்தக் கிருமியைக் கொல்லும். காற்றோட்டம் அதை வெளியே தள்ளும்.

1906ஆம் ஆண்டு பேராசிரியர் சிம்சன் என்ற சுகாதார வல்லுநர் சிங்கப்பூருக்கு வந்து இந்த வீடுகளை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1907இல் வெளியானது. ஒட்டிக் கட்டிய கடைவீடுகளின் பின்பக்கத்தை வெட்டிச் சந்துகள் அமைக்க வேண்டும், அப்போதுதான் வெளிச்சமும் காற்றும் புகும், கழிவையும் அகற்ற முடியும் என்று அவர் பரிந்துரைத்தார். இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1927இல் 'சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' என்ற அமைப்பு உருவானது. சுருக்கமாக எஸ்.ஐ.டி. என்பார்கள். இன்றைய சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு இதுதான் முன்னோடி.

இன்னொரு எதிரி கொசு. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரோனல்ட் ரோஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அதைப் படித்த டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் நம் நாட்டின் கிள்ளான் நகரில் சதுப்பு நிலங்களை வடித்து, மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் எத்தனையோ பேர் மலேரியாவுக்கு உயிரைக் கொடுத்தவர்கள். வடிகால் வெட்டுவது எவ்வளவு பெரிய மருத்துவம் என்பது அவர்களுக்குத் தெரியும். தியோங் பாருவிலும் முதல் வேலை அதுதான். குன்றுகளை வெட்டி அந்த மண்ணைக் கொண்டு சதுப்பை நிரப்பினார்கள். கல்லறைகளை இடம் மாற்றினார்கள். அங்கே குடிசை போட்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

1936 டிசம்பரில் முதல் கட்டடம், புளோக் 55, தயாரானது. முதலில் 11 குடும்பங்கள் குடியேறின. 1941க்குள் பேட்டையில் 784 அடுக்குமாடி வீடுகளும் 33 கடைகளும் கட்டப்பட்டு, 6,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். தெருக்களுக்குச் சீன முன்னோடிகளின் பெயர்களை வைத்தார்கள். அவற்றுள் ஒன்று சே யான் தெரு. 1896இல் மலாக்காவில், மலாயாவிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட தான் சே யான் என்பவரின் பெயர் அது. நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் சீவிய வரலாற்றின் தொடக்கம் அந்தத் தெருப்பெயரில் இருக்கிறது.

ஓடாத கட்டடத்துக்கு ஏன் விமான வடிவம்?

இந்தக் கட்டடங்களை வடிவமைத்தவர் எஸ்.ஐ.டி.யின் கட்டடக் கலைஞர் ஏ.ஜி. சர்ச். அவர் கையாண்ட பாணி ஆர்ட் டெக்கோ குடும்பத்தைச் சேர்ந்தது. 1925இல் பாரிஸ் நகரில் அலங்காரக் கலைகளுக்காக ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. அதன் பெயரிலிருந்து பின்னாளில் வந்ததே 'ஆர்ட் டெக்கோ' என்ற பெயர். பழைய அரண்மனைகளில் காணும் பூவேலைப்பாடுகளைக் கைவிட்டு, நேர்கோடு, வட்டம், படிக்கட்டு போன்ற வடிவியல் உருவங்களைக் கொண்டு கட்டடங்களை அமைத்தார்கள். கோலாலம்பூரில் 1937இல் எழுந்த பசார் செனி கட்டடம் இந்தப் பாணிதான். மும்பையின் மெரின் டிரைவ் கடற்கரையில் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளும் இதே பாணி. மும்பையின் ஆர்ட் டெக்கோ கட்டடங்கள் 2018இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

1930களில் விமானம், ரயில், கப்பல் ஆகியவற்றின் வேகத்தில் உலகமே மயங்கிக் கிடந்தது. புகழ்பெற்ற டிசி-3 பயணிகள் விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பரில். வேகமாகச் செல்லும் பொருளின் முனை கூர்மையாகவோ சதுரமாகவோ இருந்தால் அதன் பின்னால் காற்று சுழன்று இழுக்கும். முனை உருண்டு, உடல் மெல்லக் குறுகினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும்; இழுவிசை குறையும். இந்த வடிவத்தைக் கட்டடத்துக்குக் கொண்டு வந்ததுதான் ஆர்ட் டெக்கோவின் பிற்காலக் கிளையான 'ஸ்ட்ரீம்லைன் மாடர்ன்'. தியோங் பாரு மக்கள் சில கட்டடங்களை 'விமான வீடு' என்றே அழைத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மூன்று, நான்கு மாடிக் கட்டடம் எங்கும் ஓடப்போவதில்லை. அதற்கு எதற்கு விமான வடிவம்? நேர்மையான பதில்: பெரும்பாலும் அழகுக்காக. இவ்வளவு தாழ்ந்த கட்டடத்தில் காற்றின் விசை பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் மிக உயர்ந்த கட்டடங்களில் மூலையின் வடிவம் உண்மையிலேயே வேலை செய்கிறது. 508 மீட்டர் உயரமுள்ள தைப்பே 101 கோபுரத்தின் மூலைகளைச் சதுரமாக விடாமல் படிபோல வெட்டி அமைத்தார்கள். அதனால் காற்றின் தாக்கம் கணிசமாகக் குறைந்தது. ஒரு வடிவம் அழகுக்காக வந்ததா, வேலைக்காக வந்ததா என்று பிரித்துக் கேட்பது அறிவியல் மாணவரின் பழக்கமாக இருக்க வேண்டும்.

இரும்பும் காங்கிரீட்டும் சேர்ந்த கதை

வளைந்த மாடிமுகப்பையும் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் மெல்லிய தளத்தையும் செங்கல்லை மட்டும் வைத்துக் கட்ட முடியாது. அதற்கு இரும்புக் கம்பி பதித்த காங்கிரீட் தேவை. படிவம் 4 வேதியியலில் 'பாஹான் கொம்போசிட்' என்று படிக்கிறீர்களே, அந்தக் கூட்டுப் பொருளுக்கு முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

ஒரு தளத்தின் மேல் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தளம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளையும்போது ஒரு பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. ஒரு ரப்பர் அழிப்பானை வளைத்துப் பாருங்கள், புரியும். காங்கிரீட் நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதன் இழுவலிமை நசுக்கலைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எஃகு இழுவிசையைத் தாங்கும். இழுபடும் பக்கத்தில் எஃகுக் கம்பியை வைத்தால் இரண்டும் சேர்ந்து வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இந்தக் கூட்டணி நீடிக்க ஓர் அதிர்ஷ்டமும் உதவியது. வெப்பத்தில் எல்லாப் பொருளும் விரிவடையும் அல்லவா? 10 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி 20 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 2.4 மில்லிமீட்டர் நீளும். அதே நீளக் காங்கிரீட் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். ஏறக்குறைய சமம். அலுமினியமாக இருந்தால் 4.6 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். பகலில் சூடு, மாலை மழையில் குளிர்ச்சி என்று தினமும் மாறும் நம் வானிலையில், அலுமினியக் கம்பி காங்கிரீட்டை விட்டுப் பிரிந்துபோயிருக்கும்.

சிமெண்டு 'காய்ந்து' இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிமெண்டு நீரோடு வேதிவினை புரிந்து புதிய படிகங்களை உருவாக்குகிறது. அதனால்தான் புதிதாகப் போட்ட காங்கிரீட்டின் மேல் ஈரச்சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நீர் சீக்கிரம் ஆவியாகிவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும், காங்கிரீட் வலுவிழக்கும். அதன் வலிமையை வழக்கமாக 28ஆம் நாளில் சோதிப்பார்கள்.

வெயிலுக்கு ஒரு கணக்கு

தியோங் பாருக் கட்டடங்களைப் பார்த்தால், சன்னல்களுக்கு மேல் நீண்ட கிடைமட்டத் தளங்கள் புருவம்போல ஓடும். ஆர்ட் டெக்கோ பாணிக்கு அது ஓர் அலங்காரக் கோடு. நம் ஊருக்கு அது குடை. எவ்வளவு நல்ல குடை என்று நாமே கணக்கிடலாம். உங்களுக்குத் தெரிந்த முக்கோணவியல் போதும்.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 1.5 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் 22 வாக்கில் சூரியன் தெற்கே 23.4 பாகை வரை சாய்கிறது. அன்றைய உச்சிப்பொழுதில் அது நம் தலைக்கு நேர்மேலிருந்து 24.9 பாகை தெற்கே விலகி நிற்கும். அதாவது அடிவானத்திலிருந்து அதன் உயரம் சுமார் 65 பாகை. தெற்குச் சுவரில் உள்ள சன்னலுக்கு மேல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள தளம் இருந்தால், அதன் நிழல் சுவரில் எவ்வளவு கீழே இறங்கும்?

60 × டேன் 65 பாகை = 60 × 2.14 = சுமார் 129 சென்டிமீட்டர்.

ஆண்டிலேயே தெற்கு வெயில் அதிகம் விழும் நாளின் உச்சிப்பொழுதிலும் ஒரு முழுச் சன்னல் நிழலில் இருக்கிறது! மற்ற மாதங்களில் உச்சிச் சூரியன் இன்னும் உயரே இருக்கும். நிழல் இன்னும் கீழே இறங்கும். வடக்குச் சுவருக்கு ஜூன் மாதத்தில் இதே கணக்கைப் போட்டால் சுமார் 149 சென்டிமீட்டர் கிடைக்கும். நீங்களே சரிபாருங்கள்.

இப்போது மேற்குச் சுவரைப் பாருங்கள். மார்ச் மாதம் மாலை 5 மணி அளவில் சூரியனின் உயரம் சுமார் 30 பாகைதான். 60 × டேன் 30 பாகை = சுமார் 35 சென்டிமீட்டர். அதே தளம் சன்னலின் மேல் ஓரத்தை மட்டுமே மறைக்கிறது. மேற்குப் பார்த்த அறை இரவு பத்து மணி வரை கொதிப்பதற்கு இதுதான் காரணம். நம் ஊரில் வீடு கட்டும்போது நீளப் பக்கத்தை வடக்கு, தெற்காக வைத்தால் வெயிலைச் சமாளிப்பது எளிது என்று இந்த இரண்டு வரிக் கணக்கு சொல்லிவிடுகிறது.

ஒரு சின்னச் செய்தி: நம் கடிகாரத்தில் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. நம் நாட்டு நேரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்தது. ஜொகூர் பாருவோ 103.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், இங்கே உச்சிப்பொழுது பகல் 1.05 மணி அளவில் வருகிறது. நிழல் அளக்கும் சோதனை செய்யும்போது இதை மறக்காதீர்கள்.

காற்றுக்கு விட்ட வழி

வெயிலைத் தடுத்தாயிற்று. காற்று வரவேண்டுமே? சர்ச் ஐரோப்பியப் பாணியை அப்படியே கொண்டுவந்து வைக்கவில்லை. கடைவீட்டின் நல்ல அம்சங்களை எடுத்துக்கொண்டார். மழையிலும் வெயிலிலும் நடக்க வசதியாகக் கட்டடத்தின் கீழே 'காக்கி லிமா' என்னும் ஐந்தடிப் பாதை. கட்டடத்தின் நடுவே வானம் பார்த்துத் திறந்த, கிணறு போன்ற இடைவெளி. நம் பழைய தமிழ் வீடுகளின் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வேலையும் இதன் வேலையும் ஒன்றுதான்.

காற்று சூடானால் விரிவடைந்து அடர்த்தி குறையும். 27 பாகையில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை சுமார் 1.18 கிலோகிராம், 35 பாகையில் சுமார் 1.15 கிலோகிராம். வித்தியாசம் சிறியது. ஆனாலும் மேலே திறப்பு இருந்தால் இலேசான சூடான காற்று அதன் வழியே ஏறி வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதோடு, எதிர் எதிர்ச் சுவர்களில் சன்னல் இருந்தால் வெளியே அடிக்கும் காற்றும் வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். ஒரே ஒரு சன்னல் உள்ள அறையில் இது நடக்காது. வாய் குறுகிய ஒரு காலிப் போத்தலுக்குள் ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே போகாமல் உங்கள் முகத்திலேயே திரும்பி அடிக்கும். போத்தலின் அடியில் ஓட்டை இருந்தால்தான் ஊதிய காற்று அந்தப் பக்கம் போகும்.

பழைய வீடுகளின் காற்றோட்டம் உண்மையிலேயே நோயைத் தடுக்குமா? பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் இதை அளந்து பார்த்தார்கள். ஆய்வு 2007இல் வெளியானது. 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட அறைகளில் சன்னல்களைத் திறந்தபோது ஒரு மணி நேரத்தில் சுமார் 40 முறை காற்று மாறியது. 1970க்குப் பின் கட்டிய அறைகளில் சுமார் 17 முறை. காசநோய் அறைகளில் இயந்திரக் காற்றோட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 12 முறை. 40 முறை என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை. 12 முறை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. உலகச் சுகாதார நிறுவனமும் 2009இல் மருத்துவ நிலையங்களுக்கான இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் 20,000க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகக் காசநோய் கண்டறியப்படுகிறது. இன்று மருந்து இருக்கிறது. முழுமையாகச் சாப்பிட்டால் குணமாகும். ஆனால் நம் வீடுகளில் சன்னலைச் சாத்திவிட்டுக் குளிர்சாதனத்தைப் போடுகிறோம். வீடுகளில் பொருத்தும் பெரும்பாலான குளிர்சாதனங்கள் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகின்றன. காற்றாடியும் அப்படித்தான், சுழற்றுமே தவிர மாற்றாது. வீட்டில் யாருக்காவது இருமல் என்றால் முதலில் சன்னலைத் திறங்கள்.

போரும் தீயும்

1939இல் உலகப் போர் தொடங்கியபோது குதிரை லாட வடிவில் ஒரு பெரிய கட்டடம் தியோங் பாருவில் எழுந்துகொண்டிருந்தது. அதுதான் புளோக் 78. அதன் அடியில் குண்டுவீச்சுக்குத் தப்பிக்க ஒரு காப்பிடம் அமைத்தார்கள். தடித்த செங்கல் சுவர்களும் மூச்சு விடக் காற்றுத் துளைகளும் வைத்தார்கள். 1941 டிசம்பர் 8 அதிகாலை சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள், ஜொகூரிலிருந்து பின்வாங்கிய படைகள் நம் கடற்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தன. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்தக் காப்பிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. 

மற்றொரு சோதனை 1961 மே 25ஆம் நாள் வந்தது. தியோங் பாருவை ஒட்டிய கம்பத்துக் குடிசைகளில் பிடித்த தீ புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தை விழுங்கியது. 4 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அத்தாப்பும் பலகையும் எரிபொருள், காங்கிரீட் எரியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எஸ்.ஐ.டி.யின் இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியிருந்தது. எரிந்த இடத்திலேயே அது அடுக்குமாடிகளைக் கட்டி மக்களைக் குடியேற்றியது.

காங்கிரீட்டுக்கும் நோய் வரும்

புதிய காங்கிரீட் வலுவான காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். மதிப்பு 12க்கும் மேல். அந்தக் காரச்சூழலில் எஃகுக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. ஆனால் காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே புகுந்து காரத்தை நடுநிலையாக்குகிறது. பி.எச். மதிப்பு சுமார் 9க்குக் கீழ் இறங்கினால் காப்பு போய்விடும். துரு பிடிக்கும்போது அது பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தில் காங்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். பழைய அடுக்குமாடிகளின் கூரையில் துருக்கம்பி எட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இந்தக் கரிமத் தாக்கம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உள்ளே நகரும். 10 ஆண்டுகளில் 1 சென்டிமீட்டர் போனால், 2 சென்டிமீட்டர் போக 40 ஆண்டுகள் ஆகும். கம்பிக்கு மேலுள்ள காங்கிரீட்டை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் கட்டடத்துக்கு நான்கு மடங்கு ஆயுள் கிடைக்கிறது! அந்த ஒரு சென்டிமீட்டரில் மிச்சம் பிடிக்கும் குத்தகையாளர் எவ்வளவு பெரிய தவறு செய்கிறார் என்று பாருங்கள்.

விரிசலை அடைத்து, சாயம் பூசி, மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் காங்கிரீட் நீண்ட காலம் நிற்கும். 2003இல் சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணையம் தியோங் பாருவில் போருக்கு முன் கட்டிய 20 கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. அவற்றை இடிக்க முடியாது. பழையதைக் காப்பது சூழலுக்கும் நல்லது. உலகின் கார்பன் டைஆக்சைடு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்டுத் தயாரிப்பிலிருந்து வருகிறது. நன்றாக நிற்கும் கட்டடத்தை இடித்துப் புதிது கட்டினால் அந்தப் புகையை இன்னொரு முறை வாங்குகிறோம்.

யாருக்குக் கிடைத்தன அந்த வீடுகள்?

ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். இருட்டறைகளில் நோயோடு வாழ்ந்த கூலித் தொழிலாளர்களுக்காகப் பேசித் தொடங்கிய திட்டம் இது. ஆனால் வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. குமாஸ்தாக்களும் வசதியுள்ள குடும்பங்களுமே பெரும்பாலும் குடியேறினார்கள். சிங்கப்பூர் நகராட்சியின் சாலைகளிலும் வடிகால்களிலும் வேலை செய்த தமிழர்களுக்கும், நம் ஜொகூர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கும் அத்தகைய காற்றும் வெளிச்சமும் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. நல்ல வடிவமைப்பு என்பது ஒரு பாதிதான். அது யாரைச் சென்றடைகிறது என்பது மறுபாதி. உங்களில் யாராவது நாளை பொறியாளராகவோ கட்டடக் கலைஞராகவோ ஆனால் இந்த மறுபாதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, ஓர் ஊதுபத்தியை ஏற்றுங்கள். எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டுப் புகை எங்கே போகிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரு சன்னலைத் திறங்கள். அடுத்து, அதற்கு எதிரே உள்ள சன்னலையோ கதவையோ திறங்கள். மூன்று நிலைகளிலும் புகை கலைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊதுபத்தியைத் திரைச்சீலைக்கு அருகில் கொண்டு போகாதீர்கள்.

2. உங்கள் வீட்டுச் சன்னலுக்கு மேலுள்ள தளத்தின் நீளத்தை அளந்து, பகல் 1.05 மணி அளவில் நிழல் எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். மாதத்துக்கு ஒரு முறை செய்தால் ஓர் ஆண்டில் சூரியனின் பயணம் உங்கள் வீட்டுச் சுவரிலேயே பதிவாகிவிடும்.

3. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள் கிடைத்தால், மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மேற்குப் பார்த்த அறையிலும் வேறோர் அறையிலும் வெப்பநிலையை அளந்து ஒப்பிடுங்கள்.

கிடைத்த எண்களை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வீட்டில் எந்த அறையில் யார் தூங்குவது, எந்தச் சன்னலை எந்த நேரத்தில் திறந்து வைப்பது என்று அப்பா அம்மாவோடு பேசவும் அந்த எண்கள் உதவும்.